வெற்றியுமன்று, தோல்வியுமன்று

சதுரங்க ஆட்டமொன்று வெற்றி தோல்வியின்றிச் சமமாக முடிந்ததென்று கேட்டவுடன் நம்மவரிற் பெரும்பாலோர் முகத்தைச் சுளித்துக்கொள்கின்றனர். “இத்தனை நேரம் ஆடி என்ன பயன்?” என்று கேட்போர் உளர், “இருவரும் முன்னமே பேசிவைத்துக்கொண்டனர் போலும்” என்று ஐயுறுவோரும் உளர். மல்யுத்தமென்றால் ஒருவன் முதுகு மண்ணிற் படவேண்டும். தேர்தலென்றால் ஒருவராவது ஜாமீன் தொகையை இழக்கவேண்டும். அவ்விதம் ஒன்றும் நிகழாவிடில் நமக்குப் பார்த்த திருப்தி உண்டாவதில்லை. இந்த மனப்பான்மை சரியானதுதானா என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம். அதற்கு வேண்டிய முதற் சான்று நமது செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, மாமல்லபுரத்துக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்திலேயே கிடைக்கிறது.

2022-ம் ஆண்டில் ருஷியாவில் நடைபெறவேண்டியிருந்த 44-வது சதுரங்க ஒலிம்பியாட், அவ்வாண்டு பிப்ரவரியில் அந்நாடு உக்ரேன் மீது படையெடுத்த பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டது. மார்ச்சு மாதத்தில் அது சென்னைக்கு வழங்கப்பட்டது. நான்கே மாதங்களில் எல்லா ஏற்பாடுகளும் முடிந்தன. 1927-ல் லண்டனில் முதன்முதலாக நடந்த இந்தத் திருவிழா நம் தேசத்து மண்ணில் நடந்தது அதுவே முதல் தடவை. ஜூலை 28-ந் தேதி சென்னையில் தொடக்க விழா நிகழ்ந்தது. மறுநாளிலிருந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டங்கள் நடைபெற்றன. பொதுப் பிரிவில் 188 அணிகளும், மகளிர் பிரிவில் 162 அணிகளும் வந்திருந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் அணிக்கு நால்வர் வீதம் ஆடுவதால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 பலகைகளில் ஒரே வேளையில் யுத்தம் நடந்தது என்று கணக்கிடலாம். ஆனால் அந்த யுத்தகளத்தில் கேட்ட பெரிய ஓசை நாற்காலி நகரும் ஓசைதான்!

இவ்வளவு பலகைகளிலும் நாள்தோறும் பல ஆட்டங்கள் சமமாக முடிந்தன. அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளும் பொதுஜனங்களும் அதிகம் பேசவில்லை. வென்றவரைப் பற்றிப் பேசினர். தோற்றவரைப் பற்றியும் பேசினர். நடுவில் நின்றவர்களுக்கு, “வெற்றி நழுவியது” என்னும் ஒற்றைச் சொற்றொடரே சன்மானமாகக் கிடைத்தது. வெற்றி யார் கையிலிருந்து நழுவியது என்று கேட்பாரில்லை. இருவர் கையிலும் அது ஒருகாலும் இருந்ததில்லை என்பதே அநேகமாக உண்மையாகும்.

சமம் என்பது எவ்வாறு உண்டாகிறதென்பதை ஆட்டம் அறியாத நேயர்களுக்காக இங்கே குறிப்பிடுவோம். இருதரத்தாரும் மனமொப்பி நிறுத்திக்கொள்வது ஒரு வழி. ஒரே நிலை மும்முறை பலகையில் தோன்றுமாயின் அது இரண்டாவது வழி. ஐம்பது நகர்த்தல்களுள் ஒரு காயும் வெட்டப்படாமலும் ஒரு சிப்பாயும் அடியெடுத்து வைக்காமலும் இருப்பின் அதுவும் ஒரு வழி. ராஜாவுக்கு நேரான ஆபத்தில்லை, ஆயினும் நகர்த்துவதற்கு ஒரு காயுமில்லை என்ற விசித்திரமான நிலை மற்றொன்று. தோற்றுக்கொண்டிருந்தவன் இதன் பயனாகத் தப்பிப் பிழைப்பதை நேரிற் கண்டவர்கள் அந்தச் சிரிப்பை மறக்கமாட்டார்கள். எஞ்சிய காய்களைக் கொண்டு யாரும் யாரையும் சிறைசெய்ய முடியாதென்ற நிலையும் உண்டு. எந்த வழியாயினும் ஆளுக்கு அரைப் புள்ளி. ஒலிம்பியாட்டில் நான்கு பலகைகளின் புள்ளிகளைக் கூட்டி, இரண்டுக்கு மேற்பெற்ற அணி சந்திப்பை வென்றதாகக் கொள்வர். வென்ற அணிக்கு இரண்டு புள்ளி, இரண்டுக்கிரண்டு என்று முடிந்தால் ஆளுக்கொன்று. ஆகவே அரைப் புள்ளி என்பது அலட்சியத்துக்குரிய பொருளன்று; ரூபாய்க் கணக்கில் அரையணாவைப் போல அதைத் தள்ளிவிட இயலாது.

சமங்களில் போலியும் உண்டென்பதை நாம் மறைக்கப்போவதில்லை. களைத்தவர்களோ, முன்னணியில் நிற்பதால் அஞ்சியவர்களோ, பத்துப் பதினைந்து நகர்த்தல்களோடு கைகுலுக்கிக்கொண்டு எழுந்துபோவது இந்த ஆட்டத்துக்குப் பழைய வியாதி. அதைத் தடுக்கவேண்டியே சில பெரிய போட்டிகளில், முப்பது நகர்த்தல்களுக்கு முன் சமத்துக்கு உடன்படலாகாதென்று விதி செய்தனர். பல்கேரிய தேசத்து ஸோபியா நகரிலே 2005-ல் ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்வதையே விலக்கினர். விலக்கியது நன்றே. ஆயினும் குறுகிய சமம் எல்லாம் போலி, நீண்ட சமம் எல்லாம் மெய் என்று கொள்வதும் பொருந்தாது. 2013-ம் ஆண்டு நவம்பரில் சென்னையிலே நம் ஆனந்தும் நார்வே நாட்டுக் கார்ல்ஸனும் உலகப் பட்டத்துக்குப் பொருதினர் அல்லவா? முதலாட்டம் 16 நகர்த்தல்களில் முடிந்தது. வந்திருந்தோர் ஏமாந்தனர். ஆனால் நடந்தது என்ன? வெள்ளைக்காய் ஆடிய கார்ல்ஸனுக்குத் தொடக்கத்தில் ஒரு பயனும் கிட்டவில்லை. கறுப்புக்காய் ஆடிய ஆனந்த் சுலபமாகச் சமநிலை எய்திவிட்டார். மேற்கொண்டு சென்றால் தமக்கே தீங்கென்று கண்ட கார்ல்ஸன், காய்களைத் திரும்பத் திரும்ப நகர்த்தி ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அது ஆனந்தின் ஆயத்தத்துக்குக் கிடைத்த பலன், சோம்பலன்று.

அதே போட்டியின் நான்காவது ஆட்டம் வேறு விதம். இம்முறை வெள்ளைக்காய் ஆனந்தினுடையது. கார்ல்ஸன் பெர்லின் தற்காப்பை மேற்கொண்டு, தமது மந்திரியை எதிரியின் மூலையிற் செலுத்தி ஓரச் சிப்பாயைக் கவர்ந்தார். அந்த மந்திரி திரும்பி வரும் வழியடைபடுமோ என்று பார்த்தோர் எல்லாரும் எண்ணினர், அது வந்துவிட்டது. ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் ஆனந்த் தளரவில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிரிக்கு ஒரு புதிய தொல்லையை உண்டாக்கிக்கொண்டேயிருந்தார். 64 நகர்த்தல்கள், ஏறக்குறைய ஆறு மணி நேரம். முடிவில் இருவருக்கும் அரைப் புள்ளி. நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு கணக்கு இரண்டுக்கிரண்டு. பின்னர் கார்ல்ஸனே 6½–3½ என்று பட்டத்தை வென்றாரென்பதை உலகம் அறியும். ஆயினும், அந்த நான்காம் ஆட்டத்தைச் சமமென்று ஏளனம் செய்தவர்கள் அதை ஒரு முறையேனும் பலகையில் வைத்து ஆடிப்பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

நிற்க. பூஞ்சேரிக்குத் திரும்புவோம். நம் தேசத்தின் சார்பில் பொதுப் பிரிவில் மூன்று அணிகள் ஆடின. இவற்றுள் இரண்டாவது அணியில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் மீசை அரும்பும் பருவத்துப் பிள்ளைகள். தரவரிசையில் அவ்வணிக்குப் பதினோராமிடமே தரப்பட்டிருந்தது. அதன் முதற் பலகையில் அமர்ந்த சென்னைச் சிறுவர் குகேஷுக்கு அப்போது வயது பதினாறு. முதல் எட்டுச் சுற்றுகளிலும் அவர் ஒன்றையும் விடாது வென்றார்! எட்டாவதாக வீழ்ந்தவர், 2018-ல் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்ட அமெரிக்க வீரர் கருவானா. இந்நிலையில் ஊரார் ஆசைக்கு அளவேது? ஒன்பதாவதும் வெற்றி, பத்தாவதும் வெற்றி என்று வீட்டுத் திண்ணைகளிலே கணக்குப் போடப்பட்டது.

ஆகஸ்டு 7-ந் தேதி ஒன்பதாவது சுற்று. எதிரே அமர்ந்தவர் அஸர்பைஜான் நாட்டு மாமெத்யாரோவ். 2018-ல் உலக வரிசையில் இரண்டாமிடம் வரை ஏறியவர். குகேஷ் பிறப்பதற்கு முன்பே போட்டிகளில் பெயர் பெற்றவர். (அன்றுதான் நம் ஆனந்த், சென்னையில் கூடிய சர்வதேசச் சதுரங்க சம்மேளனத்தின் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.) அந்த ஆட்டம் சமமாக முடிந்தது. நிஹால் சரினும் சமம் செய்தார். பிரக்ஞானந்தா வென்றார், ரௌனக் சாத்வானி தோற்றார். ஆக, சந்திப்பு இரண்டுக்கிரண்டு. “வெற்றிப் பவனி தடைப்பட்டது” என்ற செய்தி உடனே நாடெங்கும் பரவிற்று. இந்தச் செய்தியைப் படித்தபோதே நமக்கு வருத்தமுண்டாயிற்று. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர், தம்மினும் இருபது வயதளவு மூத்த அனுபவசாலிக்கு ஈடுகொடுத்து நின்றால் அதற்குப் பெயர் தடையா? முந்திய எட்டு நாளில் அவர் வென்றிராவிடில், இந்தச் சமத்தையே நாம் மேளதாளத்துடன் கொண்டாடியிருக்கமாட்டோமா? வெற்றிகளை அடுக்கியதே அந்தப் பிள்ளை செய்த குற்றமாயிற்று.

மறுநாள் நடந்ததே நம்முடைய வாதத்துக்கு உயிரானது. பத்தாவது சுற்றில் நம் இரண்டாம் அணியும் உஸ்பெக்கிஸ்தான் அணியும் சந்தித்தன. அவர்களும் இளைஞர்களே, தரவரிசையில் பதினான்காமிடத்திலிருந்து முன்னேறி வந்தவர்கள். முதற் பலகையில் குகேஷுக்கு எதிரே அப்துஸத்தோரோவ். 2021 டிசம்பரில், பதினேழாம் வயதில், விரைவுச் சதுரங்கத்தின் உலகப் பட்டத்தை வென்றவர். இருவருக்குமிடையே வயதிலும் ஆற்றலிலும் வேற்றுமை கடுகளவே. இரு அணிகளையும் தராசில் இட்டால் முள் அசையாது என்று சொல்லத்தக்க சந்திப்பு அது.

நிஹால் சரினுக்கும் யாக்குபோயெவுக்கும் சமம். ஆதிபனுக்கும் வாகிதோவுக்கும் சமம். பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார். ஆகவே மூன்று பலகைகளில் நமக்கு இரண்டு புள்ளி. எஞ்சியது குகேஷின் ஆட்டம். இங்கே அரைப் புள்ளி கிடைத்தால் இரண்டரை; சந்திப்பு நமது. அந்த ஆட்டத்திலோ குகேஷுக்கு அரைப் புள்ளியன்று, முழுப் புள்ளிக்கே இடமிருந்தது. நெடுநேரம் அவர் கை ஓங்கியிருந்தது. பின்னர் எதிரி மெல்ல மெல்ல மீண்டார். கடிகாரங்களில் நிமிஷங்கள் தேய்ந்தன. சமமாக முடித்துக்கொள்ள வழியிருந்தும் குகேஷ் அதை நாடாது வெற்றியையே தேடிச் சென்றார். நேர நெருக்கடியில் ஒரு குதிரையை இழக்கும்படியான பெரும் பிழை நேர்ந்தது. ஆட்டம் போயிற்று. ஒலிம்பியாட்டில் அவர் பெற்ற ஒரே தோல்வி அதுவே. சந்திப்பு இரண்டுக்கிரண்டு என்று முடிந்தது.

அந்த இரவில் கணக்குப் போடாதவர் இல்லை. முடிவில் உஸ்பெக்கிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகள் பெற்று முறையே தங்கமும் வெள்ளியும் கொண்டுசென்றன. நம் இரண்டாம் அணிக்கு 18 புள்ளிகளும் வெண்கலமும். குகேஷ் சமம் செய்திருந்தால் மறுநாள் எதிரிகள் மாறியிருப்பார்களாதலால், பதக்கம் எந்த நிறமாயிருக்குமென்று இன்று உறுதி கூறுவது வீண். ஆனால் அந்த ஒரு சந்திப்பின் கணக்கில் ஐயமில்லை. முந்திய நாள் யாவரும் இகழ்ந்த அதே அரைப் புள்ளி, இப்போது பொன்னுக்கு விலைபெற்றது! “சமம் செய்திருக்கலாகாதா?” என்று நேற்றுவரை சமத்தை ஏசியவர்களே அங்கலாய்த்தனர்.

இத்தகைய அனுபவம் சதுரங்க உலகுக்குப் புதிதன்று. 1910-ம் ஆண்டில் ஆஸ்திரிய வீரர் ஷ்லெக்டர், உலகப் பட்டம் வைத்திருந்த லாஸ்கரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். எளிதில் தோல்வியுறாதவர், சமத்துக்குப் பெயர் போனவர் என்பது ஷ்லெக்டரின் புகழ். ஒன்பது ஆட்டங்களில் ஒன்றை வென்று, மற்றெட்டையும் சமம் செய்து முன்னின்றார். பத்தாவது ஆட்டத்தில், சமத்துக்குப் பெயர்போன அவரே சமத்தை வேண்டாது போராடித் தோற்றார்! கணக்கு ஐந்துக்கைந்து ஆகிப் பட்டம் லாஸ்கரிடமே தங்கிற்று. ஏன் அவ்வாறு ஆடினாரென்று அறிஞர்கள் இன்றளவும் வாதாடுகின்றனர்.

ஒருவன் ஏன் சமத்தை ஏற்கிறான், ஏன் மறுக்கிறான் என்பதே இங்குள்ள நுட்பமான விஷயம். முதல் உலகப் பட்ட வீரராகிய ஸ்டைனிட்ஸ் போதித்த கொள்கை இதற்குத் துணைசெய்யும். ஆட்டம் தொடங்கும்போது இருதரத்தார் வலிமையும் சரிநிகர். ஒருவர் பிழைசெய்தாலன்றி அந்தத் தராசு சாயாது. சாய்ந்த பின்னரே தாக்குவதற்கு நியாயமுண்டு என்பது அவருடைய கொள்கையின் சாரம். இவ்வாறு நோக்கினால் வெற்றி என்பது பாதி நம் திறமை, பாதி எதிரியின் பிழை. இரண்டு பேரும் ஒருவர் பிழையை ஒருவர் பொறுக்காத விழிப்புடன் ஐந்து மணி நேரம் ஆடினால் வருவதே சமம். அதை இருவரும் சேர்ந்து உழைத்துச் சம்பாதித்தனர் என்றே சொல்லவேண்டும். கோடானுகோடி நிலைகளை நொடிப்பொழுதில் ஆராயும் கணிதப் பொறிகள் நம் காலத்தில் பெருகியுள்ளன. மிகவும் வலிய இரு பொறிகளைச் சாதாரணத் தொடக்கங்களிலிருந்து ஆடவிட்டால், பெரும்பாலும் விளைவது சமமே. அவற்றினிடம் அச்சமோ சோம்பலோ பேரமோ உண்டென்று யாரும் குறைகூற முடியாது.

மாமல்லபுரத்தைப் பற்றிப் பேசும்போது பல்லவரை நினையாமல் இருப்பதெங்ஙனம்? அவர்களும் சாளுக்கியரும் நூறாண்டுக்கு மேலாக ஆடியதும் இப்படிப்பட்ட ஆட்டமே. இரண்டாம் புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தானென்று ஐஹொளேக் கல்வெட்டு முழங்குகிறது. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தானென்று காசாக்குடிச் செப்பேடு மார்தட்டுகிறது. அந்தப் பகைவர் சாளுக்கியரே என்பது சரித்திர அறிஞர் பலரின் கருத்து. மகேந்திரன் மகன் மாமல்லன் வாதாபியைக் கைக்கொண்டான். நூறாண்டு கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியிற் புகுந்து, நகரை அழிக்காமல், கைலாசநாதர் கோயிற் பொருளைக் கோயிலுக்கே திருப்பியளித்துத் தூணில் எழுதிவைத்துச் சென்றான். யார் வென்றார்? அவரவர் கல்லில் அவரவர் வெற்றி. சதுரங்கத்தில் இந்த வசதி இல்லை. ஆட்டம் முடிந்ததும் இருவர் குறிப்புத்தாள்களிலும் ஒரே முடிவை எழுதி இருவரும் கையொப்பமிட்டாகவேண்டும். ஒருவர் வெற்றி என்றும் மற்றவர் வேறாகவும் எழுதிக்கொள்ள இடமில்லை.

அங்கே மகிஷமர்த்தினி குகையில் உள்ள சிற்பத்தையும் நம் நேயர்களிற் பலர் கண்டிருப்பர். வேறு பல இடங்களில் தேவி வெட்டுண்ட எருமைத் தலைமேல் அமைதியாக நிற்பாள். மாமல்லபுரத்திலேயே அவ்விதச் சிற்பங்கள் உண்டு. இக்குகையிலோ சிங்கத்தின் மீதமர்ந்து வில் வளைத்து வருகிறாள். மகிஷன் கதையுடன் பின்னே சாய்ந்திருக்கிறான்; இன்னும் விழவில்லை. கதையின் முடிவு சிற்பிக்குத் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும். இருந்தும் முடியாத யுத்தத்தையே அவன் உளி தேர்ந்துகொண்டது. பூஞ்சேரிக்கு வந்த வெளிநாட்டு வீரர்கள் ஓய்வு நாளில் இதைப் பார்த்திருந்தால், மற்ற சிற்பங்களைக் காட்டிலும் இது அவர்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

இனிக் குகேஷின் ‘பேராசை’ என்று சிலர் கூறியதைப் பற்றி. வென்றாலொழிய எழுந்திருப்பதில்லை என்னும் இயல்பை விட்டிருந்தால், அவர் பூஞ்சேரியிலே எட்டு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றிருக்க முடியுமா என்று நாம் கேட்கிறோம். 2024-ம் ஆண்டில் சிங்கப்பூரில் சீன தேசத்து டிங் லிரென் என்பவரோடு அவர் உலகப் பட்டத்துக்கு ஆடியதை நோக்குக. பதினான்கு ஆட்டங்களில் ஒன்பது சமம்; அவற்றுள் ஏழு ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. ஆறாவது ஆட்டத்தில், நிலை தமக்குச் சாதகமாக இல்லாதபோதும், அதே நகர்த்தல்களைத் திருப்பிச் சமம் செய்யும் வழியைக் குகேஷ் மறுத்தார். பார்த்தவர்கள் திகைத்தனர், ஆட்டம் பின்னர் எப்படியோ சமமாகவே முடிந்தது. டிசம்பர் 12-ந் தேதி பதினான்காவது ஆட்டம். அதுவரை கணக்கு 6½–6½. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். மற்றபடி இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. இது சமமென்றே நிபுணர்கள் கைவிட்டிருந்தனர். குகேஷ் கைவிடவில்லை. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தமது யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், யானைகள் மாறின, மூலையில் சிக்கிய மந்திரியும் மாறவேண்டியதாயிற்று, எஞ்சியது தோல்வியான சிப்பாய் ஆட்டம். பதினெட்டு வயதில் குகேஷ் உலகப் பட்டம் பெற்றார். அதற்குமுன் அவ்வளவு இளவயதில் அதைப் பெற்றவர் இல்லை.

பூஞ்சேரியில் பேராசை என்று பெயர்பெற்ற குணம், சிங்கப்பூரில் விடாமுயற்சி என்று பெயர்பெற்றது. குணம் ஒன்றே, பலன் மாறியதும் நாம் பெயரை மாற்றிவிட்டோம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018 நவம்பரில் லண்டனில் கார்ல்ஸனும் கருவானாவும் பட்டத்துக்கு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் சமமாக முடிந்தன. பட்டப்போட்டிகளின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அதன் முதலாட்டம் மட்டும் 115 நகர்த்தல்கள் நீண்டது. கடைசியாட்டத்தில் கார்ல்ஸனுக்கு நிலையும் நேரமும் சாதகமாக இருந்தும், அவரே சமத்துக்கு அழைத்தார். கோழைத்தனம் என்று முன்னாள் வீரர்கள் சிலர் கண்டித்தனர். அடுத்து நடந்த விரைவாட்டங்களில் மூன்றையும் வென்று அவர் பட்டத்தை நிலைநிறுத்திக்கொண்டார். தமது பலம் எங்கேயென்று அறிந்து ஏற்ற சமம் அது. அன்று அவர் விரைவாட்டத்தில் தோற்றிருந்தால், இதையே நாம் மூடத்தனமென்று எழுதியிருப்போம்.

ஆகவே சமத்தை மறுத்தவன் வென்றால் வீரன், தோற்றால் பேராசைக்காரன். ஏற்றவன் வென்றால் மதியூகி, தோற்றால் கோழை என்னும் இந்தத் தீர்ப்பு முறை நமக்குச் சம்மதமில்லை. தீர்மானம் செய்த வேளையில் பலகையில் என்ன இருந்தது, கடிகாரத்தில் எத்தனை நிமிஷம் இருந்தது, அணிக்கு எவ்வளவு தேவை என்பவற்றைக் கொண்டே அதை மதிப்பிடவேண்டும். அந்த முறையிற் பார்த்தால், 2022 ஆகஸ்டு 8-ந் தேதி குகேஷ் செய்தது தவறே என்று நாம் தயங்காமற் கூறுவோம். ஏனெனில் அன்று அவர் தமக்காக மட்டும் ஆடவில்லை, மூவர் ஈட்டிய இரண்டு புள்ளிகள் அவர் கையிலிருந்தன. சிங்கப்பூரில் அவர் தனியாள். எதிரியினும் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, தோற்கும் அபாயமின்றி, இன்னும் சிறிது நேரம் எதிரியைச் சோதித்தார். இரண்டும் ஒரே துணிவு போலத் தோன்றினும் ஒன்றல்ல.

நம் நாட்டுப் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இந்த ஆட்டத்தைப் பயில்கின்றனர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் முதலிய ஊர்களிலும் போட்டிகள் நடைபெறுகின்றன. அங்கே வாயிலிற் காத்து நிற்கும் தந்தைமார், வெளியே வரும் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி, “ஜயித்தாயா?” என்பதே. சமம் என்று பதில் வந்தால் முகம் வாடுகிறது. எதிரே ஆடியவன் யார், எத்தனை நகர்த்தல் சென்றது, எந்த இடத்தில் இடர்ப்பட்டாய், எங்ஙனம் மீண்டாய் என்று கேட்பவர் மிகச் சிலர். ஒருநாள் முழுதும் போராடிச் சரிநிகராக நின்ற பிள்ளை, வெட்கத்தோடு வீடு திரும்புவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இதனினும் அநியாயம் வேறில்லை.

பத்தாவது சுற்றின் தோல்விக்கு மறுநாள், ஆகஸ்டு 9-ந் தேதி, கடைசிச் சுற்று. முந்திய இரவு அந்தச் சிறுவர் எவ்வாறு தூங்கினார் என்று யாரறிவார்! எதிரணி ஜெர்மனி, முதற் பலகையில் அமர்ந்தவர் கைமர் என்னும் இளைஞர், குகேஷினும் ஏறக்குறைய ஒன்றரை வயது மூத்தவர். அன்று நிஹால் சரின் வென்றார். ரௌனக் சாத்வானி வென்றார். பிரக்ஞானந்தா சமம் செய்தார். குகேஷும் கைமரும் சமம் செய்தனர். நம் அணிக்கு மூன்று, ஜெர்மனிக்கு ஒன்று. பொதுப் பிரிவில் வெண்கலம். பதினோராட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமம், ஒரு தோல்வி. ஆக ஒன்பது புள்ளிகளோடு முதற் பலகைக்குரிய தங்கப்பதக்கம் குகேஷுக்குக் கிடைத்தது. அந்த ஒன்பதில் ஒரு புள்ளி, மாமெத்யாரோவிடமும் கைமரிடமும் பாதி பாதியாகப் பெற்றது.